கம்பி போன பின் எஞ்சின்

கண்டியிலிருந்து பேராதனை வழியே கொழும்புப் பக்கம் போனால், மலை சரியத் தொடங்குகிற இடத்தில் கடுகண்ணாவை வருகிறது. இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 2014 டிசம்பரில் அங்கே தேசிய ரயில்வே நூதனசாலையைத் திறந்தார்கள். அக்குறணைப் பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவாகப் போய், பகல் சாப்பாட்டுக்குள் பார்த்து முடித்துவிடலாம். நீராவி எஞ்சின், டீசல் எஞ்சின், ரயில்கார், பாதையைப் பார்வையிடப் போகும் ட்ரொலி, சிக்னல் கருவிகள் என்று ஓய்வுபெற்றவை பல அங்கே நிற்கின்றன. ஒரு வகை மட்டும் இல்லை. கூரையில் ஏறி இறங்கும் கையை வைத்துக்கொண்டு, மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எஞ்சின் ஒன்றைக்கூட அங்கே காண முடியாது. இலங்கையின் ரயில் பாதைக்கு மேல் மின்கம்பி ஒருநாளும் ஏறியதில்லை. கொழும்பு வீதிகளில் 1899 முதல் 1960 வரை ஓடிய ட்ராம் வண்டிகளுக்குத்தான் அது வாய்த்தது.

உலகின் மற்ற நாடுகளில் ஆயிரக்கணக்கான மின்சாரச் சரக்கு எஞ்சின்கள் ஓடி ஓய்ந்துவிட்டன. அவற்றில் நூதனசாலைக்கு வந்து சேர்ந்தவை மிகக் கொஞ்சம். வந்து சேர்ந்தவற்றிலும் இன்றைக்கு நகரக்கூடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அதே சமயம், 1954இல் கனடாவிலிருந்து இலங்கைக்கு வந்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள் அறுபது வயது தாண்டியும் பயணிகளை இழுத்தன. இரண்டும் இரும்புதான், இரண்டும் மின்மோட்டரால் சுழல்பவைதான். விதி மட்டும் ஏன் இவ்வளவு வேறுபட்டது?

தன் மின்நிலையத்தைத் தானே சுமக்கும் எஞ்சின்

டீசல் எஞ்சின் என்று நாம் சொல்லும் பலவற்றில் சக்கரத்தைச் சுழற்றுவது டீசல் அல்ல. எம்2 எஞ்சினின் பக்கக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது 1,425 குதிரைவலு கொண்ட 12 சிலிண்டர் டீசல் இயந்திரம். அதன் தண்டோடு ஒரு ஜெனரேட்டர் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஜெனரேட்டர் தரும் மின்சாரம் தடித்த கேபிள் வழியாகக் கீழே இறங்கி, அச்சுகளோடு பொருத்திய மோட்டர்களுக்குப் போகிறது. கியர்பெட்டியின் வேலையைக் கேபிளும் சுவிட்சும் செய்கின்றன. இலங்கைக்கு இந்த ஏற்பாடு அதற்கும் முன்பே அறிமுகம். 1938இல் இங்கிலாந்திலிருந்து வந்த ‘சில்வர் ஃபோம்’, ‘சில்வர் ஸ்ப்ரே’, ‘சில்வர் மிஸ்ட்’ என்ற மூன்று ரயில் தொடர்களும் டீசலால் மின்சாரம் பிறப்பித்து, அந்த மின்சாரத்தால் ஓடியவையே.

இப்படி மின்சாரத்தைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோவதற்குக் காரணம், நேர்மின்னோட்டத்தில் ஓடும் தொடர்ச்சுற்று மோட்டரின் குணம். நின்றபடியே இருக்கும்போது அது மிகப் பெரிய மின்னோட்டத்தை உறிஞ்சி, மிகப் பெரிய முறுக்குவிசையைத் தரும். வேகம் கூடக் கூட, சுழலும் சுருள் தானே எதிர் மின்னழுத்தம் ஒன்றைப் பிறப்பித்து மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். பாரமான ரயிலுக்கு நகரும் கணத்தில்தான் இழுவை அதிகம் வேண்டும். ஓடத் தொடங்கிய பின் குறைவாகவே போதும். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் பாதையில் 45 அடிக்கு 1 அடி உயர்வு. அப்படிப்பட்ட சரிவில் நின்றுவிட்ட ரயிலை மறுபடி கிளப்புவதற்கு இந்த மோட்டரைவிடப் பொருத்தமான ஒன்று அந்தக் காலத்தில் இருக்கவில்லை.

எம்2 எஞ்சினிலிருந்து டீசல் இயந்திரத்தையும் ஜெனரேட்டரையும் கழற்றிவிட்டுக் கூரையில் ஒரு கையை வைத்தால், கொள்கையளவில் அது முழு மின்சார எஞ்சினாகிவிடும். எடை குறையும், புகை போகும், அதே பருமனுக்குள் இரண்டு மூன்று மடங்கு வலுவைத் திணிக்கலாம். பதிலுக்கு அது விட்டுக்கொடுப்பது சுதந்திரத்தை. நீராவி எஞ்சினுக்கு நீரும் விறகும் எங்கும் கிடைக்கும். டீசலைப் பீப்பாயில் கொண்டுபோகலாம். மின்சார எஞ்சினோ மின்நிலையத்தில் தொடங்கி, உயர்அழுத்தக் கம்பி, துணைநிலையம், மேல்கம்பி, தண்டவாளம் வழியே திரும்பி வரும் நீண்ட சுற்றின் ஓர் உறுப்பு. சுற்றின் வோல்ட் மாறினாலோ, தண்டவாள இடைவெளி மாறினாலோ, கம்பியே போய்விட்டாலோ, எஞ்சினில் ஓர் ஆணிகூடத் தேயாத நிலையிலும் அதன் வாழ்வு முடிந்துவிடும்.

ஒரே ஊரில் பிறந்த இருவர்

வோல்ட்டால் வரும் முடிவைப் பார்க்க, சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகருக்குப் போக வேண்டும். அங்கே இருந்த எஸ்எல்எம் எஞ்சின் தொழிற்சாலை, 1919 முதல் ஆல்ப்ஸ் மலையின் கொத்தார்ட் பாதைக்காக ஒரு சரக்கு எஞ்சினைக் கட்டியது. நடுவில் ஓட்டுநர் அறைகள், முன்னும் பின்னும் நீண்ட தாழ்வான மூக்குகள், வளைவுகளில் நெளியும்படி மூன்று துண்டாக இணைத்த உடல். பார்த்தவர்கள் அதற்கு ‘முதலை’ என்று பெயர் வைத்தார்கள். இரண்டு தலைமுறையாக மொத்தம் 51 முதலைகள் உருவாயின.

மும்பையிலிருந்து தக்காண பீடபூமிக்கு ஏறும் போர் காட், தல் காட் மலைப்பாதைகளில் 37 அடிக்கு 1 அடி ஏற்றம். கடுகண்ணாவைச் சரிவைவிடவும் கடுமை. அந்தப் பாதைகளை மின்மயமாக்கியபோது, கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே அதே குடும்பத்து எஞ்சினைத்தான் தேர்ந்தது. 1928 தொடங்கி 41 எஞ்சின்கள் வந்தன. முதல் 10 வின்டர்தூரிலேயே கட்டப்பட்டவை. மீதி இங்கிலாந்தின் வல்கன் ஃபவுண்டரியில். பிற்காலத்தில் டபிள்யூசிஜி-1 என்ற வகைப்பெயர் பெற்ற அவை ஒவ்வொன்றும் 2,600 குதிரைவலு கொண்டவை. மோட்டரின் விசை நேரே சக்கரத்துக்குப் போகாமல், வெளியே தெரியும் தடித்த இணைப்புத் தண்டுகள் வழியே போகும். இந்திய ரயில்வேக்காரர்கள் அந்த எஞ்சினை ‘கேக்டா’, அதாவது நண்டு, என்றார்கள். மலையிறங்கும்போது மோட்டர்களையே ஜெனரேட்டர்களாக மாற்றி, பிரேக் பிடிக்கும் சக்தியை மின்சாரமாகக் கம்பிக்குத் திருப்பி அனுப்பவும் அதற்குத் தெரியும். இறங்கும் சரக்கு ரயில் தரும் மின்சாரத்தை எதிரே ஏறும் ரயில் எடுத்துக்கொள்ளும்.

சுவிட்சர்லாந்து தன் ரயில்களுக்கு அந்நாளில் தேர்ந்தெடுத்தது 15,000 வோல்ட் மாறுமின்னோட்டம். இன்றும் அங்கே கம்பியில் ஓடுவது அதுவே. அதனால் நூறு வயது கடந்த முதலை ஒன்றைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, கையை உயர்த்தி, நேரே பிரதான பாதையில் ஓட்டிவிட முடிகிறது. சுவிஸ் ரயில்வேயின் மரபுரிமை அமைப்பு அப்படித்தான் ஓட்டுகிறது.

மும்பையின் கம்பியில் இருந்தது 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். அதன் குறையைச் சிறு கணக்கில் பார்த்துவிடலாம். 5,000 குதிரைவலு என்பது ஏறத்தாழ 3,700 கிலோவாட். அதை 1,500 வோல்ட்டில் தர வேண்டுமானால் சுமார் 2,500 ஆம்பியர் பாய வேண்டும். 25,000 வோல்ட் என்றால் 150 ஆம்பியர் போதும். கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், குறைந்த வோல்ட்டுக்குத் தடித்த செம்புக் கம்பியும், சில கிலோமீற்றருக்கு ஒரு துணைநிலையமும் தேவைப்படும். ரயில்கள் பாரமாகப் பாரமாக இந்தச் செலவு தாங்காமல் போனது. 2006க்கும் 2016க்கும் இடையே கட்டம் கட்டமாக மும்பைப் பாதைகள் 25,000 வோல்ட்டுக்கு மாறின. இந்தியாவின் முதல் மின்ரயில் 1925 பெப்ரவரி 3 அன்று ஓடியது ஹார்பர் பாதையில். பழைய மின்சாரத்தைக் கடைசியாக விட்டதும் அதே ஹார்பர் பாதைதான்.

நண்டுகள் அதற்கு முன்பே களைத்து ஒதுங்கியிருந்தன. ஒன்று புதுடில்லி தேசிய ரயில் நூதனசாலையிலும், இன்னொன்று மும்பை நேரு அறிவியல் மையத்திலும் நிற்கின்றன. அவற்றுக்குப் பின் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970களில் கட்டிய டபிள்யூசிஜி-2 வகையின் 57 சரக்கு எஞ்சின்களுக்குத்தான் வோல்ட் மாற்றம் நேரடி முடிவு. இரண்டு வோல்ட்டிலும் ஓடக்கூடிய வேறு வகைகள் பிழைத்துக்கொண்டன. ஒன்றில் மட்டும் ஓடத் தெரிந்தவற்றுக்கு நாட்டில் இடமே இல்லாமல் போயிற்று. இன்று நண்டு ஒன்றைப் பழுது பார்த்து ஓட்டிக்காட்ட எவரேனும் விரும்பினாலும், அதன் கை தொடக்கூடிய கம்பி இந்தியப் பிரதான பாதை எதிலும் இல்லை. வின்டர்தூர்ச் சகோதரன் ஓடுவதும் மும்பைச் சகோதரன் நிற்பதும் இரும்பின் தரத்தால் வந்த வேறுபாடு அல்ல.

இடைவெளி, அரசியல், எண்ணெய்

சென்னையின் கதையில் மாறியது தண்டவாள இடைவெளி. தென்னிந்திய ரயில்வே 1931இல் மதராஸ் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீற்றர் கேஜ் பாதையை மின்மயமாக்கியது. புறநகர் ரயில்களோடு சரக்கு வேலைக்கென்று நான்கு சிறிய எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. கம்பி இல்லாத துணைப் பாதைகளுக்குள் போக, மின்கலங்கள் நிறைந்த தனி வண்டி ஒன்றை அவற்றோடு கோத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. கம்பிக்குக் கட்டுப்பட்டிருக்கும் குறையை அந்நாளைய பொறியியலாளர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இது சான்று. 1960களில் இந்தப் பாதை 25,000 வோல்ட்டுக்கு மாறியது. ஜப்பானிலிருந்து யாம்-1 என்ற வகையில் 20 புதிய எஞ்சின்கள் வந்து விழுப்புரம் வரை ஓடின. 2004 ஜூலையில் மீற்றர் கேஜ் மின்ரயில் சேவை நின்றதும், அவற்றுக்குச் சரியான வோல்ட் தலைக்கு மேலே இருந்தும் கால் வைக்க இடம் இல்லை. உலகில் மீற்றர் கேஜ் பாதை இருக்கிற நாடுகள் உண்டு, 25,000 வோல்ட் இருக்கிற நாடுகளும் உண்டு. இரண்டும் சேர்ந்து, எஞ்சினும் தேவைப்படுகிற நாடு எளிதில் அமையாது. முதல் நான்கில் ஒன்றை மட்டும் டில்லி நூதனசாலையில் பார்க்கலாம்.

அரசியல் எப்படி ஓர் எஞ்சினின் வாழ்வைத் திருப்பும் என்பதற்கு அமெரிக்காவின் ‘லிட்டில் ஜோ’ எஞ்சின்கள் உதாரணம். 1940களின் பிற்பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் சோவியத் யூனியனுக்காக 20 பாரிய மின்சார எஞ்சின்களைக் கட்டியது. பனிப்போர் மூண்டதால் ஏற்றுமதி தடைப்பட்டது. 3,000 வோல்ட்டில் ஓடும் 20 எஞ்சின்கள் வாங்குபவர் இல்லாமல் நின்றன. 12 எஞ்சின்களை மில்வாக்கி ரயில்வே வாங்கியது, 3 சிக்காகோ அருகே ஓடும் சவுத் ஷோர் பாதைக்குப் போயின, 5 பிரேசிலுக்குக் கப்பலேறின. ஸ்டாலினின் முதற்பெயரை வைத்து அமெரிக்கர்கள் ‘குட்டி ஜோ’ என்றார்கள்; பிரேசிலில் ‘ருஷ்யக்காரி’ என்றார்கள்.

மில்வாக்கி ரயில்வே மேற்கு மலைகளில் 1,000 கிலோமீற்றருக்கு மேல் கம்பி கட்டி வைத்திருந்தது. பழைய துணைநிலையங்களைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. செம்புக்கோ நல்ல விலை. 1974இல் கம்பியைக் கழற்றி டீசலுக்கு மாறினார்கள். எண்ணெய் விலை நாலு மடங்கு ஏறியிருந்த நேரத்தில் அது நடந்தது. குட்டி ஜோக்களில் ஒன்று மொன்டானா மாநிலத்தின் டீர் லொட்ஜ் ஊரில் அசையாமல் நிற்கிறது. சவுத் ஷோர் வாங்கிய மூன்றில் ஒன்றோ இலினோய் ரயில்வே நூதனசாலையில் இன்னும் ஓடக்கூடியது. அங்கே மேல்கம்பியில் இருப்பது 600 வோல்ட் மட்டுமே, உரிய அழுத்தத்தில் சிறு பங்கு. ஆனாலும் தொடர்ச்சுற்று மோட்டர் கோபித்துக்கொள்வதில்லை: வோல்ட் குறைந்தால் வேகம் குறையும், முறுக்குவிசை மின்னோட்டத்தைப் பொறுத்தது என்பதால் மெதுவாகவேனும் நகர்ந்துவிடும். மின்னணுக் கட்டுப்பாட்டில் ஓடும் இன்றைய எஞ்சின்கள் வருங்காலத்தில் ஓய்வுபெறும்போது இந்தச் சலுகை அவற்றுக்கு இராது. வோல்ட் எல்லைக்குள் இல்லை என்றால் அவற்றின் கணினி கண்ணையே திறக்காது.

பொருந்தும் கம்பி வேறு நாட்டில் இருந்தால் எஞ்சின் நாடு மாறும். பிரித்தானியாவின் 25,000 வோல்ட் எஞ்சின்கள் பல்கேரியாவிலும் ஹங்கேரியிலும் சரக்கு இழுக்கப் போனது இப்படித்தான். டீசலுக்கோ அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை பாதியாகக் குறைவு: தண்டவாள இடைவெளி ஒத்தால் போதும். இந்தியா வேகமாக மின்மயமானபோது வேலையிழந்த டீசல் எஞ்சின்களில் 10ஐ 2020இலும் 20ஐ 2023இலும் பங்களாதேஷுக்குக் கொடுத்தது. வாரணாசித் தொழிற்சாலை இன்னும் ஒருபடி மேலே போய், ஒரு சோடி டீசல் சரக்கு எஞ்சினின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, 10,000 குதிரைவலு மின்சார எஞ்சினாக மாற்றி 2019இல் ஓட்டிக்காட்டியது. முன்னே கொள்கையளவில் சொன்ன மாற்றத்தை அங்கே பட்டறையிலேயே செய்து பார்த்தார்கள்.

உடைக்கும் களம்

பெரும்பாலான எஞ்சின்களுக்கு இவை எதுவும் வாய்ப்பதில்லை. ஏலம், பிறகு எரிவாயு வெட்டுக்கருவி. ஓடும்போது செம்பு அதன் உயிர்நாடி. ஓய்ந்த பின் அந்தச் செம்பே அதற்கு எமன். மோட்டரின் சுருள்களிலும் கேபிள்களிலும் மின்மாற்றியிலும் உள்ள செம்பை உருவி எடுத்தால் வரும் பணம், அதை நிறுத்தி வைத்துக் காப்பதைவிட எந்தக் கணக்கிலும் இலாபம். சக்கரம், அச்சு, காற்றமுக்கி போன்றவை இன்னும் ஓடும் எஞ்சின்களுக்கு உதிரிப்பாகமாகப் போகும். மீதி உருக்காலைக்கு.

உடைப்பதிலும் காப்பதிலும் ஒரே ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாறுமின்னோட்ட எஞ்சினின் வயிற்றில் பெரிய மின்மாற்றி இருக்கும். அது குளிர, எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். சாதாரண எண்ணெய் தீப்பிடிக்கும் என்று பயந்து, 1930களிலிருந்து பல எஞ்சின்களில் பிசிபி எனப்படும் குளோரின் கலந்த திரவத்தை ஊற்றினார்கள். தீப்பிடிக்காது, கெடாது, மின்சாரத்தையும் கடத்தாது. கெடாத அதே குணம்தான் பின்னால் வினையாயிற்று. மண்ணிலும் உடற்கொழுப்பிலும் அது பல பத்தாண்டு தங்கிவிடும், புற்றுநோய்க்கும் காரணமாகும். ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கப் பட்டியலிட்ட பொருள்களில் பிசிபியும் ஒன்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற ஜிஜி1 வகையில் கட்டப்பட்ட 139இல் 16 எஞ்சின்கள் காப்பாற்றப்பட்டன. ஒன்றுகூட ஓடாது. பிசிபி காரணமாக அவற்றின் மின்மாற்றியைச் செயலிழக்கச் செய்ய வேண்டி வந்தது. அழகான உடல் மட்டும் காட்சிக்கு நிற்கிறது. மும்பை நண்டு போன்ற நேர்மின்னோட்ட எஞ்சின்களில் இழுவை மின்மாற்றியே இல்லாததால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுவிட்சில் தெறிக்கும் தீப்பொறியை அணைக்க வைத்த பெட்டிகளில் அஸ்பெஸ்டோஸ் இருக்கும். பழைய மின்சார எஞ்சினைத் தொடுமுன் கையுறையும் முகக்கவசமும் ஆய்வுகூடப் பரிசோதனையும் வேண்டும்.

ஈரத்தோடு போராட்டம்

காப்பாற்ற முடிவெடுத்த பின்னும் வேலை பாதிதான் ஆகியிருக்கும். அதைப் புரிந்துகொள்ள அக்குறணையில் ஒரு வெள்ள மறுநாளே போதும். பிங்கா ஓயா பெருகிக் கடைவீதிக்குள் புகுந்து வடிந்த பிறகு, மோட்டர் வைண்டிங் செய்கிறவரின் வாசலில் தண்ணீர் மோட்டரும் அரைக்கும் மெஷினும் வரிசையாக வந்து சேரும். எதிலும் அவர் உடனே சுவிட்சைப் போட மாட்டார். கழற்றி, நல்ல தண்ணீரில் சேறு போகக் கழுவி, வெயிலிலோ பல்பு வெப்பத்திலோ நாள்கணக்கில் காயவிடுவார். பிறகு மெகர் என்ற கருவியின் ஒரு முனையைச் சுருளிலும் மறுமுனையை மோட்டர் உடம்பிலும் வைத்துப் பார்ப்பார். முள் உரிய இடத்துக்கு ஏறினால்தான் மின்சாரம். இல்லாவிட்டால் சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான்.

ரயில் எஞ்சினின் இழுவை மோட்டருக்கும் இதே நோய், இதே வைத்தியம். பழைய சுருள்களில் செம்புக் கம்பியைச் சுற்றிப் பருத்தி நாடா, மைக்கா, அரக்கு வார்னிஷ் என்று அடுக்கடுக்காகக் காப்பு இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்வரை மோட்டரின் சூடே ஈரத்தை விரட்டிவிடும். நின்றுவிட்ட நாளிலிருந்து காப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். பொறியியலாளர்களின் பழைய கணக்குப்படி, மோட்டரின் கிலோவோல்ட் எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் வருவது, அதற்குத் தேவையான மிகக் குறைந்த காப்புத்தடை, மெகஓம் அளவில். 1,500 வோல்ட் மோட்டருக்கு இரண்டரை மெகஓம். அதற்குக் கீழே இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் சுருள் புகைந்துபோகும். ஓடிய காலத்திலும் காப்பு தேய்ந்தே வந்திருக்கும்: ஏறத்தாழ 10 பாகை வெப்பம் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மோட்டர்க்காரர்கள் அறிந்த கணக்கு.

இரும்புக்கும் ஈரம் பகை. காற்றின் ஈரப்பதன் 60 வீதத்தைத் தாண்டினாலே துரு வேகம்பிடிக்கும். கண்டி மலைநாட்டில் ஆண்டின் பெரும்பகுதி அந்த எல்லைக்கு மேலேதான். மின்சார எஞ்சினின் கூரையிலோ கையின் அடித்தளம், பீங்கான் காப்பிகள், கழற்றி மூடும் பெரிய மூடிகள் என்று நீர் கசியப் பல வழிகள் உண்டு. கசியும் ஒவ்வொரு துளியும் நேரே சுவிட்சுப் பெட்டிகளின் மேலேயே விழும். வெளியே பளபளவென்று வண்ணம் பூசி, உள்ளே மழை ஒழுகும் எஞ்சினைக் காட்சிக்கு வைப்பது உலகெங்கும் நடக்கிற தவறு. வண்ணத்துக்கு முன் கூரை என்பது நூதனசாலைக்காரர்களின் முதல் பாடம். அச்சைத் தாங்கும் பேரிங்குகள் ஒரே புள்ளியில் பாரத்தைத் தாங்கிப் பள்ளம் விழாதிருக்க, நின்ற எஞ்சினையும் அவ்வப்போது சில அடி தள்ளி வைக்க வேண்டும்.

நனைந்த எஞ்சின் மீளாது என்று நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று பெரலியவில் சுனாமி ஒரு பயணிகள் ரயிலையே புரட்டிப்போட்டது. 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ரயிலின் எஞ்சின் எம்2 வகையின் 591ஆம் இலக்கம், பெயர் ‘மனிட்டோபா’. கடல்நீர் நன்னீரைவிடக் கொடியது. காய்ந்த பின்னும் உப்பு சுருளுக்குள் தங்கி, ஈரக்காற்றை இழுத்து மின்சாரத்துக்கு வழி செய்துவிடும். ஆனாலும் மனிட்டோபாவை மீட்டுத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள். அதை மீட்டதால் பயன் இருந்தது, காரணம் அது ஓட வேண்டிய பாதை அப்படியே இருந்தது.

பெயர் இல்லாதவற்றை யார் காப்பது

இங்கிலாந்தில் மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைத்த வுட்ஹெட் பாதை, சரக்கு எஞ்சின்கள் நூதனசாலைக்கு வராமல் போவதன் காரணத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. அந்தப் பாதையும் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். அதற்கென்று இரண்டு வகை எஞ்சின்கள் இருந்தன. பயணிகள் ரயிலுக்கு 7, பெரும்பாலும் நிலக்கரியும் சரக்கும் இழுக்க 58. பயணிகள் எஞ்சின்கள் வேலையிழந்தபோது, அதே வோல்ட் இருந்த நெதர்லாந்து 1969இல் அவற்றை வாங்கி 1986 வரை ஓட்டியது. கடைசியில் மூன்று காப்பாற்றப்பட்டன. சரக்கு எஞ்சின்கள் 1981இல் பாதை மூடப்படும்வரை உழைத்தன. அவற்றில் முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. யோர்க் நகரின் தேசிய ரயில்வே நூதனசாலையில் இருக்கிறது. ஏழில் மூன்று, ஐம்பத்தெட்டில் ஒன்று.

பயணிகள் எஞ்சினுக்குப் பெயர்ப்பலகை உண்டு, மேடையில் நின்று கையசைத்தவர்கள் உண்டு, சிறுவயது நினைவுகள் உண்டு. சரக்கு எஞ்சினை இரவில் பார்த்தது ஓட்டுநரும் கார்டும் சிக்னல்காரரும்தான். காப்பாற்றும் சங்கங்கள் நன்கொடையில் நடப்பவை. நன்கொடை நினைவிலிருந்து வருவது. முதலைக்கும் நண்டுக்கும் இடம் கிடைத்தது அவற்றின் விநோத உருவத்தால். பெட்டி போன்ற உடலோடு வந்த பின்னவற்றுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தைச் சுமந்தது எது என்று கேட்டால் விடை பெயர்ப்பலகை இல்லாதவற்றின் பக்கமே இருக்கும்.

ஒரு மின்சார எஞ்சினின் உடலை மட்டும் காப்பாற்றினால் பாதி இயந்திரமே கிடைக்கும். அதோடு சில மீற்றர் மேல்கம்பியும் கம்பமும், துணைநிலையத்தின் ஒரு சுவிட்சுப் பலகை, மின்சுற்று வரைபடங்கள், மோட்டர்களின் பழுது பார்த்த பதிவேடு, ஓட்டியவர்களின் வாய்மொழி ஆகியவற்றையும் சேர்த்து எடுத்தால்தான் அது எப்படி ஓடியது என்று பின்னால் வருகிறவருக்கு விளங்கும். எல்லாவற்றையும் ஓட்டிக்காட்ட வேண்டும் என்பதும் இல்லை. ஓட்ட வேண்டுமானால் பழைய சுருளைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டும், பழைய கேபிளை வீச வேண்டும்; ஒவ்வொரு திருத்தத்திலும் மூலப்பொருள் கொஞ்சம் போய்விடும். ஒரே வகையில் இரண்டு கிடைத்தால் ஒன்றை ஓட்டலாம், ஒன்றைத் தொடாமல் வைக்கலாம். ஒன்றே இருந்தால் தொடாமல் வைப்பதே நல்லது.

இலங்கைக்கு இந்தப் பாடம் தலைகீழாகப் பொருந்தும். களனிவெளிக் குறுகிய பாதை 1990களில் அகலமானபோது அதன் எஞ்சின்கள் என்ன ஆகும் என்பதை நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. கொழும்புப் பக்கம் என்றாவது ஒருநாள் கம்பி ஏறினால், அப்போது வேலையிழக்கப்போவது டீசல் எஞ்சின்கள். ஒன்டாரியோ, அல்பர்ட்டா, மனிட்டோபா என்ற பெயர்களுக்காக எம்2 எஞ்சின்களில் ஒன்றிரண்டு நிச்சயம் கடுகண்ணாவைக்கு வரும்; அவற்றுக்காகக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறது. எண்ணெய்த் தாங்கியும் சீமெந்தும் மாவும் இழுத்த பெயரில்லாத எஞ்சின்களுக்கும், அவற்றின் ஜெனரேட்டர், மோட்டர் பதிவேடுகளுக்கும் இப்போதே ஒரு பட்டியல் வேண்டும். எது நிற்க வேண்டும், எது உருக வேண்டும் என்பதை ஏலக்காரர் தராசை எடுத்துவருமுன் முடிவு செய்ய வேண்டும். கூரை போட்ட ஒரு கொட்டகைக்கு ஆகும் செலவு, புதிய எஞ்சின் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.